எத்தனை நிமிடம்

திங்கள் பத்தரைக்கு வருவதாகக் கடிதம்.
ஞாயிறு இரவே வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டேன்.
பிறகுதான் யோசித்தேன்,
இவ்வளவு துப்புரவாக இருந்தால் நம்பமாட்டார்களே.
நீ கடித்த கதிரைக் காலைச்
சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தேன்.
எழும்பிப் போய்
மறுபடி வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.

காப்புறுதிக்காரர் அனுப்பிய அட்டவணையில்
பதினான்கு நாள் எழுதியிருக்கிறேன்.
பல் துலக்க இருபத்திரண்டு நிமிடம்.
சட்டைக் கழுத்தின் துணிச்சீட்டை வெட்டி,
வெட்டிய இடத்தைத் தடவி,
இன்னும் குத்துகிறதென்று நீ அழுது,
வேறு சட்டை மாற்ற முப்பத்தைந்து.
வியாழன் விடியப்புறம் வலிப்பு, நான்கு நிமிடம்.
அந்த நான்கை எந்தக் கட்டத்தில் போடுவதென்று தெரியாமல்
ஓரத்தில் எழுதினேன்.
எழுத்து என்னுடையது மாதிரி இல்லை.

திருமதி கெட்லர் மூன்று மாடி ஏறி வந்து
மூச்சு வாங்கினார்.
வூப்பர்டாலில் எப்போதும் போல மழை.
நனைந்த குடையை எங்கே வைப்பதென்று நின்றார்.
நீ, மணி அடித்தாலே அலுமாரிக்குள் போய் இருக்கிறவள்,
வந்து குடையை வாங்கினாய்.
குளியல் தொட்டிக்குள் அதைக் கிடத்தி
துவாயால் போர்த்திவிட்டாய்.
அவர் சிரித்தார்.
எனக்கு வயிற்றைக் கலக்கியது.
இன்றைக்கா பிரணவி,
எட்டு வருடத்தில் இன்றைக்கா?

கேள்விகள் தொடங்கின.
தனியாகச் சாப்பிடுவாளா? நைன்.
ஆபத்தென்றால் விளங்குமா? நைன்.
இரவில் உறங்குவாளா? நைன்.
தனக்கு என்ன வேண்டுமென்று சொல்லுவாளா?

குளிர்பெட்டிக் கதவில் நெற்றியை வைத்தாயென்றால் தயிர்.
என் மோதிரத்தைச் சுழற்றினாயென்றால் தலையிடி.
ஆற்றுக்கு மேல் தொங்குரயில்
வளைவில் திரும்பும்போது இழுக்கிற அந்தச் சுருதியை
நீயும் சேர்ந்து இழுத்தாயென்றால்,
அன்றைக்கு நீ சந்தோசம்.
இதையெல்லாம் எந்த டொச்சில் சொல்ல?
சொன்னால் புள்ளி குறையும்.

நைன், என்றேன்.

மேசைக்குக் கீழிருந்து நீயும் சொன்னாய்,
நைன்.
என் குரலிலேயே,
முடிவில் கொஞ்சம் உடைகிற அதே உடைவோடு.
அடுத்த கேள்விக்கு நான் வாய் திறக்கமுன்
நைன்.
அதற்கடுத்ததற்கும்.
எனக்காகச் சொன்னாயா, என்னை மறுத்தாயா,
இன்றுவரை தெரியாது.
திருமதி கெட்லரின் பேனை நின்றது.
பிறகு, என்னைப் பார்க்காமல்,
'பேச்சு: ஒரு சொல்' என்று எழுதிக்கொண்டார்.

போகும்போது குடையைக் கொடுக்க நீ விடவில்லை.
துவாயின் இரண்டு முனையையும் பிடித்தபடி நின்றாய்.
கிடக்கட்டும், என்றார் அவர்.
கோப்பைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு
மழைக்குள் இறங்கினார்.

பாண் தொழிற்சாலையில் வேலை முடிந்து
நாலு மணிக்கு வந்த அப்பா
எப்படிப் போச்சுது, என்று கேட்டார்.
'எல்லாத்துக்கும் இல்லையெண்டு சொன்னன்.'
'நல்லது' என்றார்.
சப்பாத்தைக் கழற்றாமல்
அப்படியே கனநேரம் இருந்தார்.

மார்ச்சில் பதில் வந்தது, தரம் நான்கு.
நாங்கள் கேட்டதைவிட ஒன்று கூட.
உன் சித்தி மகனுக்குக் கணக்கில் ஒன்று.
இந்த நாட்டில் ஒன்றுதான் கெட்டிக்காரருக்கு.
அப்பா கோழி வாங்கி வந்தார்.
வெங்காயம் வதங்கிக்கொண்டிருக்கும்போது கேட்டார்,
'இப்ப நாங்கள் என்னத்தைக் கொண்டாடுறம்?'
நான் அடுப்பைக் குறைத்தேன்.

குடையைத் திருப்பிக் கேட்டு ஒருவரும் வரவில்லை.
இப்போதும் உன்னைக் குளிக்க வார்க்கமுன்
அதைத் தூக்கி,
கையளவு மடித்த துவாயில் தலை வைத்து,
கட்டிலில் படுக்கவைக்க வேண்டும்.
பிறகு விளக்கை அணைக்க வேண்டும்.
ஆறு நிமிடம்.
அட்டவணையில் அது இல்லை.